சும்மா இருக்கும் பிராசசர்

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகக் கணினியின் பிப்ரவரி அறிக்கை வந்தது. உச்சம் மறுபடியும் ஏறியிருக்கிறது. மேலாளர் என் மேஜையருகே வந்து நின்று, திரையில் இருந்த வரைபடக் கோட்டை விரலால் மேலே மேலே ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் பாப்பா இன்றும் ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் வைத்துவிட்டாள். மாமனார் போய் ஒரு மாதம் ஆகிறது. உடம்பு துடைத்துவிட இனி யாருமில்லை. அந்த வெந்நீரை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் அடுப்பருகே நின்றோம். கடைசியில் நான் அதில் முகம் கழுவிக்கொண்டேன். வீணாகக் கூடாதே.

(இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் பாப்பா என்பது கைக்குழந்தை என்று நினைத்துவிடப் போகிறார்கள். நாற்பத்து நான்கு வயது. என் நாத்தனார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் விடவில்லை.)

மார்ச் 5, வியாழன்

கணினி அறையின் குளிரில் பாதி நாள். தொண்டை கட்டிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மூத்தவர் போன் செய்தார் — இவருடைய அண்ணன். இவர் ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, சத்தம் மட்டும்தான் உண்டு.

"பாப்பா இனிமே அங்க சும்மாதானே இருக்கப்போறா? இங்க அனுப்பிடுங்க. ஏப்ரல் கடைசியில என் பொண்ணுக்குப் பிரசவம். கூட மாட ஒத்தாசைக்கு ஆள் வேணும். பார்த்துக்கறதுதான் அவளுக்குக் கைவந்த கலையாச்சே."

"அதுவும் சரிதாண்ணா" என்றார் இவர்.

முடிந்தது. இரண்டு வாக்கியத்தில் ஒரு ஆளை ஊர் மாற்றிவிட்டார்கள். பாப்பா அடுக்களையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊர் வழக்கப்படி நாத்தனார் கிளம்புகிறாள் என்றால் அண்ணிக்காரி கொண்டாட வேண்டும். எனக்கு ஏனோ கொண்டாடத் தோன்றவில்லை.

மாமனாரின் அறையை இவர் தன் அலுவலக அறையாக்கிக்கொள்ளப் போகிறாராம். அளவெடுத்துவிட்டார்.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

பாப்பா நேற்று, "அண்ணி, நீங்க நாள் பூரா அந்த மெஷின்கிட்ட என்னதான் பண்றீங்க?" என்று கேட்டாள். இருபது வருட வேலை, இரண்டு வரி சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வழக்கு எல்லாம் மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினியில் ஓடுகிறது. ஆள் உயரத்துக்கும் மேலான கறுப்பு அலமாரி. உள்ளே நிறைய பிராசசர்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, வித்தியாசமே கிடையாது. ஆனால் வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் இன்ன வேலை என்று லைசென்ஸில் எழுதிவிடுகிறார்கள். சில, பொது பிராசசர்: எந்த வேலை வந்தாலும் செய்யும். சில, ஒரு வேலைக்கு மட்டும்: லினக்ஸ் மட்டும் ஓட்டுவது ஒன்று, இணையதளத்திலிருந்து வரும் தரவுக் கேள்விகளை மட்டும் கவனிப்பது இன்னொன்று. தன் வேலை இல்லையென்றால் சும்மா நிற்கும், அடுத்த வேலையைத் தொடாது. தொட முடியாமல் இல்லை. தொட அனுமதி இல்லை.

மென்பொருள் வாடகை, பொது பிராசசரை வைத்துத்தான். அதுவும் மாதத்திலேயே எந்த நான்கு மணி நேரம் அது அதிகமாக உழைத்ததோ, அந்த உச்சம்தான் மாதம் முழுவதற்கும் கணக்கு. தனி பிராசசர் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கணக்கில் வராது. அதனால் முடிந்த வேலையையெல்லாம் அதன் தலையில் கட்டுவது என் பிழைப்பு.

நான் இன்று பார்த்தது இதுதான். இணையதளக் கேள்விகளுக்கான தனி பிராசசர் காலை பத்து மணிக்கே நிரம்பி வழிகிறது. வழிவது எங்கே போகிறது? பொது பிராசசருக்கு. "நிரம்பினால் உதவு" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது பாட்டுக்கு உதவிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. மாதக் கடைசியில் உச்சம் மட்டும் ஏறுகிறது. இத்தனை நாளும் இரவு வேலைகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மார்ச் 12, வியாழன்

சாப்பிடும்போது பாப்பாவுக்குச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் உடனே சிரித்தாள்.

"அப்ப நான் அப்பா பிராசசர்" என்றாள். "அப்பாவுக்கு மட்டும்னு லைசென்ஸ்."

இவரும் சிரித்தார். பிறகு மூன்று பேருக்குமே அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பாப்பாதான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மார்ச் 16, திங்கள்

உதவியை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு வரி மாற்றம். இனி தனி பிராசசரின் வேலையைத் தனி பிராசசரே பார்த்துக்கொள்ள வேண்டும், வழியக் கூடாது. மாலைக்குள் பொது பிராசசரின் கோடு அழகாகத் தாழ்ந்துவிட்டது. மேலாளர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். இந்த வருடத்தின் முதல் புன்னகை.

மார்ச் 17, செவ்வாய்

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

பாலிசி புதுப்பிக்கக் கடைசி நாள் இன்று. எனக்கு ஏன் தோன்றவில்லை? நாட்காட்டி எதிரிலேயே தொங்குகிறது. காலையிலேயே இணையதளம் நின்றுவிட்டது. பழுதாகவில்லை — காத்திருந்தது. தனி பிராசசர் திணறுகிறது, வரிசை வளர்கிறது, பக்கத்திலேயே பொது பிராசசர் பாதி காலியாக நிற்கிறது. நான்தான் உதவாதே என்று சொல்லிவிட்டேனே. கீழே கவுன்ட்டரில் ஜனங்கள் வாசல் வரை. ஒரு கர்ப்பிணிப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர், "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

வரியைத் திருப்பி மாற்றினேன். சிறிது நேரத்தில் எல்லாம் ஓடத் தொடங்கியது. உதவியை நிறுத்தினால் வேலை குறையுமா என்ன? அது எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காத்திருக்கும். நான் என் கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

பாப்பா என் தலையில் எண்ணெய் வைத்து அழுத்திவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

இன்னொரு தனி பிராசசர் வாங்க அனுமதி கிடைத்துவிட்டது. ஓணான் புண்ணியத்தில்.

மூத்தவர் மறுபடி போன். பாப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் போகிறாராம், தானே வந்து அழைத்துப் போவாராம். பாப்பா, "சரிண்ணா" என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

மார்ச் 24, செவ்வாய்

பிராசசர் பொருத்த சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். நான் பெட்டி வரும் என்று சரக்கு லிஃப்டை ஒழித்து வைக்கச் சொல்லியிருந்தேன். மனிதர் ஒரு தோள்பையோடு நிற்கிறார். பைக்குள் மடிக்கணினி, தண்ணீர் பாட்டில்.

"பிராசசர் எங்கே சார்?"

"உள்ளேதான் இருக்கு மேடம். மெஷின் வந்த நாள்லேர்ந்து இருக்கு. லைசென்ஸ்தான் இல்ல."

எனக்குத் தெரியாத விஷயமா இது? காகிதத்தில் நூறு முறை படித்திருக்கிறேன். ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறுதான். அவர் உட்கார்ந்தார், லைசென்ஸ் ஃபைல் ஒன்றை மெஷினில் ஏற்றினார், தேநீர் குடித்தார். மெஷினை நிறுத்தக்கூட இல்லை. திரையில் புதிதாக ஒரு வரி முளைத்து வேலை செய்யத் தொடங்கியது. ஒரு திருகாணி கழற்றவில்லை.

பாப்பாவிடம் சொன்னேன். கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா உள்ளயே இருந்துச்சா அண்ணி? கரண்ட்டெல்லாம் குடுத்து?"

"ஆமா."

"பாவம்" என்றாள்.

படுத்த பிறகும் அந்தப் "பாவம்" காதில் இருக்கிறது. இவள் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். தொலைபேசி நிலையத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும், "கொஞ்ச நாளைக்கு" என்று விட்டாள். கொஞ்ச நாள் பதினோரு வருடம் ஆனது. அப்படியானால் — ஒரே அச்சுத்தானே? நானும் அவளும் ஒரே அச்சுத்தானே?

எங்கள் கணினி அறைக்குப் பகல் நேர ஆபரேட்டர் ஒருவர் தேவைப்படுகிறார். நாளை மேலாளரிடம் பேசுகிறேன்.

மார்ச் 27, வெள்ளி

எவ்வளவு ஆசையாகச் சொன்னேன்! திங்கள்கிழமை நேர்காணல், மேலாளரிடம் எல்லாம் பேசியாகிவிட்டது, என் நீலப் புடவையைக் கட்டிக்கொள், கூடவே போய்விடலாம் என்று. சந்தோஷத்தில் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் அண்ணா மாதிரிதான் அண்ணி."

"என்னது?"

"அவர் பிள்ளை பார்க்கன்னு எழுதறார். நீங்க ஆபீசுக்குன்னு எழுதறீங்க. மேல ஒட்டற பேப்பர்தான் வேற. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நல்லதுக்குத்தானேடி —"

"எல்லாரும் நல்லதுக்குத்தான். நான் மெஷின் இல்ல. லைசென்ஸ் போட்டா ஓடறதுக்கு. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. எனக்கு அசதியா இருக்கு. பதினோரு வருஷ அசதி. அது யாருக்காவது தெரியுமா?"

கத்தவில்லை. அவளுக்குக் கத்தத் தெரியாது. துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவு கோபம் எனக்கு. யாருக்காக இதெல்லாம் பண்ணேன்? எனக்கென்ன வந்துச்சு? நல்லது பண்ணப் போனா இதுதான். போகட்டும், அங்கேயே போய்ப் பிள்ளைக்குத் துணி அலசட்டும்.

மார்ச் 28, சனி

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இவர் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், ஒரே பக்கத்தை.

மார்ச் 30, திங்கள்

நேர்காணல் வேண்டாம் என்று மேலாளரிடம் சொன்னேன். ஏன் என்றார். மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"அவங்களைக் கேக்காமலேவா எங்கிட்ட பேசினீங்க?" என்றார். பிறகு, "நீங்க முதல்ல சுவிட்சைப் போட்டுட்டுத்தான் அப்புறம் யோசிப்பீங்க" என்றார். பதினேழாம் தேதியை இன்னும் மறக்கவில்லை மனிதர். மறக்க வேண்டியதும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று அவள் அறைக்குப் போனேன். மாமனாரின் அறை. அவர் கட்டில் போய்விட்டது, அதற்குப் பக்கத்தில் அவள் படுத்த ஒடுங்கிய கட்டில் மட்டும் சுவரோரம் அப்படியே இருக்கிறது. நடுவில் வெறும் தரை. எனக்கென்னவோ அந்த வெறும் தரையைத் தாண்டி அவள் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"தப்புதான்" என்றேன். "கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

யாரும் கேட்காத கேள்வி. பதிலைத் தேட வேண்டியிருந்ததோ என்னவோ. படிப்பு என்பாள், வேலை என்பாள், எங்காவது போக வேண்டும் என்பாள் — நான் என் மனதில் வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டேன். என் புத்தி அப்படி.

"தாழ்ப்பாள்" என்றாள்.

புரியவில்லை. கதவைக் காட்டினாள்.

மாமனார் ஒரு முறை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டார். அன்று கதவை உடைத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அவர் மணி அடித்தால் கேட்க வேண்டும் என்று திறந்தே கிடக்கும். அவள் படுத்தது, எழுந்தது, புடவை மாற்றியது, அழுதது எல்லாமே தாழ்ப்பாள் இல்லாத அறையில். நான் அந்தக் கதவைத் தினமும் பத்துத் தடவை கடக்கிறேன். திருகு கழற்றிய நான்கு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"இப்போதைக்கு அவ்வளவுதான் அண்ணி. மீதியை உள்ள உட்கார்ந்து யோசிச்சுக்கறேன்."

ஏப்ரல் 5, ஞாயிறு

தாழ்ப்பாள் விழா.

முதலில் சண்டை. அறையை அலுவலகமாக்கும் கனவு இவருக்கு இன்னும் கலையவில்லை. "அவதான் போகப்போறாளே, எதுக்கு இப்ப தாழ்ப்பாள்?" என்றார்.

"போறேன்னு அவ சொன்னாளா?"

"சரிண்ணான்னு சொன்னாளே."

"அவ பேரு பாப்பான்னு சொன்னப்பவும் சரின்னுதான் சொன்னா. நாற்பத்து நாலு வயசு ஆகுது அவளுக்கு. கூடப்பிறந்தவளுக்கு ஒரு தாழ்ப்பாள் போட மனசு வரலையா உங்களுக்கு?"

போய்ச் சுத்தியல் எடுத்துவந்தார். திருகாணிக்குச் சுத்தியல்! கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் கோணலாக உட்கார்ந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் விழுகிறது. பாப்பா உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள். டக். எடுத்தாள். மறுபடி டக். நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தோம். மூன்றாவது டக்குக்குப் பிறகு அவள் திறக்கவில்லை.

இவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடினா இவளைக் கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். கண் கலங்கியிருந்தது. விரல் வலி என்று சொன்னார்.

ஏப்ரல் 9, வியாழன்

பாப்பா ஒன்பது மணி வரை தூங்குகிறாள். தினமும். எனக்கு எரிச்சல் வருகிறது. ஒப்புக்கொள்கிறேன். தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்த மகராசிக்கே எரிச்சல்.

தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போடுவது யார்? தெரியாது, எப்போதும் தண்ணீர் இருந்தது. காஸ் தீர்ந்தது. சிலிண்டருக்குச் சொல்வது யார்? எப்போதும் இருந்தது. இவருக்குக் காலை மாத்திரை எடுத்துவைப்பது, குழாய்க்காரரை விரட்டுவது, என் மூக்குக் கண்ணாடி எங்கே என்று சொல்வது. இதெல்லாம் யார் செய்தது?

அப்பாவைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருத்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். லைசென்ஸில் அப்படித்தான் எழுதியிருந்தது. உண்மையில் நாங்கள் இரண்டு பேரும் நிரம்பி வழிந்ததெல்லாம் அவள் மேல்தான் போய் விழுந்திருக்கிறது. எச்சரிக்கை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. நான் இதற்காகவே சம்பளம் வாங்குகிறவள்.

ஏப்ரல் 10, வெள்ளி

மோட்டார் இவர். சிலிண்டர் நான். மூக்குக் கண்ணாடி அவரவர் பொறுப்பு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் சாகவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

செவ்வாயும் வியாழனும் மாலையில் பாப்பா ஒரு துணிப்பையோடு கிளம்புகிறாள். ஆறு மணிக்கு வந்துவிடுகிறாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாக்கு அரிக்கிறது. கேட்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

உச்சம் இறங்கிக்கொண்டே வருகிறது. புதிய தனி பிராசசர் நிரம்பவில்லை, எதுவும் வழியவில்லை. மேலாளர் என் மேஜையருகே வந்து விரலால் கோட்டைக் கீழே இறக்கிக் காட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் பாப்பா சாதாரணமாகக் கேட்டாள். "அண்ணி, அந்த ஆபீஸ் வேலை இன்னும் இருக்கா?"

"தெரியல. நாளைக்கே கேட்டுச் —"

நிறுத்திக்கொண்டேன். பெரிய சாதனை.

"வேணாம். இப்ப போகப்போறேன்னு இல்ல. எப்பவாவது தோணினா நானே கேட்டுக்கறேன். அந்த சார் நம்பரை மட்டும் குடுங்க."

கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 25, சனி

மூத்தவர் பகலிலேயே வந்துவிட்டார். கையில் இரண்டு டிக்கெட்டுகள், இரவு வண்டி. "பாப்பா ரெடியா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார்.

பாப்பா வீட்டில் இல்லை. இன்று சனிக்கிழமையும் போயிருந்தாள்.

"எங்க போனா?"

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "தெரியாதுண்ணா" என்றார் இவர்.

"தெரியாதா? வீட்டுல இருக்கறவ எங்க போறான்னு தெரியாதா?"

அவருக்கு அது விளங்கவே இல்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. பதினோரு வருடமாகப் பாப்பா எங்கே என்று யாரும் கேட்க வேண்டி வந்ததில்லை. அந்த அறையில்தான் இருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பழைய "சரிண்ணா" வந்துவிட்டால்? நான் அவளுக்காகப் பேசிவிடலாமா? வாய் வரை வந்தது. இவர் என் கையை லேசாகத் தட்டினார். வேண்டாம் என்று.

ஆறு மணிக்கு வந்தாள். தலை முழுக்க ஈரம். தோளில் துணிப்பை.

"அண்ணா! எப்ப வந்தீங்க? அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று அவர் எதிரில் உட்கார்ந்தாள். அடுக்களைக்குப் போகவில்லை. உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போயிருந்த?"

"நீச்சல் கத்துக்கறேன்ணா. கை கால் வந்துடுச்சு. மூச்சுதான் இன்னும் பிடிபடல. தலையைத் தூக்கிடறேன்."

மூத்தவர் டிக்கெட்டை நீட்டினார். பாப்பா வாங்கிப் பார்த்தாள். தேதி, வண்டி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"குழந்தை பிறந்ததும் சொல்லுங்கண்ணா. கட்டாயம் வந்து பார்க்கறேன். ரெண்டு நாள் இருப்பேன். டிக்கெட் நானே எடுத்துக்கறேன்."

"இல்ல பாப்பா, அங்க பார்த்துக்க ஆளில்ல..."

"தெரியும்ணா. ஆள் வெச்சுக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை, கொஞ்சம் நடுங்கியது. எழுந்து, "தலை துவட்டிட்டு வரேன்" என்று தன் அறைக்குப் போனாள். கதவைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் சத்தம், பிறகு டக்.

மூத்தவர் அந்தக் கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான் விளக்குவேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இவர்தான் எழுந்தார். "உட்காருங்கண்ணா. நான் டீ போடறேன்" என்றார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை.